விளக்கைக் கொடுப்போர் நெய்யையும் கொடுக்க வேண்டும்

கொள்ளிடத்தின் வடகரையில் திருமழபாடியில் எழுந்தருளியுள்ள இறைவனுக்கு வைத்தியநாதர் என்பது பெயர். எங்கள் மருத்துவமனைக்கு வரும் குடும்பங்களுள் பல, அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டவுடன் அக்கோயிலுக்குச் சென்று வருகின்றன. நலம் பெற்று வீடு திரும்பும்போது மீண்டும் ஒருமுறை செல்கின்றன. மருந்துச் சீட்டும் திருநீற்றுப் பொட்டலமும் ஒரே பையில் இருப்பதை நாள்தோறும் காண்கிறோம். அதில் எங்களுக்கு வியப்பும் இல்லை, மறுப்பும் இல்லை. அக்கோயிலுக்குச் செல்வோர் பெரும்பாலும் கவனியாமல் கடந்து செல்லும் அதன் சுவர்களைப் பற்றி மட்டும் இங்கே சிறிது சொல்ல விரும்புகிறோம்.

முதலாம் இராசராசன் தம் 28-ஆம் ஆட்சியாண்டில் அக்கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்டார். பழைய சுவர்களை இடிப்பதற்கு முன், அவற்றில் இருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுத்து வைக்க வேண்டும் என்பதும் அவ்வாணையின் பகுதி. பிறகு, அவர் மகன் இராசேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில் அவை புதிய சுவர்களில் மீண்டும் பொறிக்கப்பட்டன. ஏன் இத்தனை அக்கறை? கோயில் கல்வெட்டு என்பது பெரும்பாலும் கொடையாளியின் புகழுரை அன்று. யார் எதைக் கொடுத்தார், அதிலிருந்து நாள்தோறும் என்ன வர வேண்டும், அதை வரச்செய்யும் பொறுப்பு யாருடையது என்பதைச் சொல்லும் ஒப்பந்தம் அது. சுவரோடு எழுத்தும் போயிருந்தால் முன்னோர் செய்த கொடைகளும் போயிருக்கும்.

அந்நாளைய விளக்குக் கொடையை எண்ணிப் பாருங்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள் கொடுக்கப்பட்டன. ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர், நாளொன்றுக்கு உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். இவ்வாறு விடப்பட்ட ஆடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்று கல்வெட்டுகள் குறிக்கின்றன. சாகாத ஆடு, மூப்படையாத ஆடு. கிழட்டு ஆடு சாகும், குட்டி பிறக்கும்; மந்தையின் எண்ணிக்கை மட்டும் குறையக்கூடாது. பித்தளை விளக்கு ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டு அடியில் பெயர் வெட்டிக்கொண்டு போவது எளிது. அக்காலத்துக் கொடையாளி அதோடு நிற்கவில்லை. நாளை எரிய நெய் எங்கிருந்து வரும் என்றும் கேட்டிருக்கிறார்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. நிதியாண்டு தொடங்கியதும் நம் பகுதியில் உள்ள மருத்துவமனைகளுக்கும் பள்ளிகளுக்கும் ஊராட்சிகளுக்கும் நிறுவனங்களின் சமூகப் பொறுப்புத் துறை அலுவலர்கள் வருவார்கள். "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்பார்கள். இவ்வாண்டு அக்கேள்வி எங்கள் முன்னும் வைக்கப்பட்டது. பதில் எழுத உட்கார்ந்தபோது, எங்களை அறியாமலே பட்டியல் இயந்திரங்களாலும் கட்டடங்களாலும் நிரம்பியதைக் கண்டோம். கேட்பவருக்கும் அதுதான் எளிது, கேட்கப்படுபவருக்கும் அதுதான் எளிது. அந்தப் பட்டியலைக் கிழித்துவிட்டு வேறொன்று எழுத வேண்டியிருந்தது. அதற்கான எண்ணங்களையே நோயாளர்களாகிய உங்களோடும் உங்கள் குடும்பத்தாரோடும் பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்குவோம். அரியலூர் மாவட்டத்தின் மண்ணுக்கடியில் கிடக்கும் சுண்ணாம்புக்கல், பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்ததன் எச்சம். வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தில் அக்கடலின் கிளிஞ்சல்களைப் பார்க்கலாம். அந்தக் கல்தான் இங்கே சிமெண்ட் ஆலைகளைக் கொண்டுவந்தது. அண்டை மாவட்டத்துக் கல்லக்குடியில் 1939-இலேயே டால்மியா ஆலை தொடங்கிவிட்டது; அரசுக்குச் சொந்தமான அரியலூர் சிமெண்ட் ஆலை 1979-இல் வந்தது; தனியார் ஆலைகள் பல தொடர்ந்தன. (ஆலையின் பெயரை ஊருக்கு வைத்ததை எதிர்த்துக் கல்லக்குடியில் 1953-இல் நடந்த போராட்டத்தை மூத்த வாசகர்கள் அறிவார்கள். பெயர்ப் பலகை என்பது சிறிய செய்தி அன்று என்பதை நம் வட்டாரத்துக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.)

கம்பெனிகள் சட்டம், 2013-இன் 135-ஆம் பிரிவு 2014 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், அல்லது விற்றுமுதல் 1000 கோடி, அல்லது நிகர இலாபம் 5 கோடி என்ற அளவுகளுள் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்பதும் அச்சட்டத்தில் உள்ளது. 2021 முதல், உரிய காலத்தில் செலவிடாத தொகையை நிறுவனம் தன்னிடமே வைத்துக்கொள்ள முடியாது. தொடர்திட்டம் ஒன்றுக்கு உரியதாயின் தனிக்கணக்கில் போட வேண்டும். இல்லையேல் சட்டம் குறிப்பிடும் பொது நிதியத்துக்கு மாற்ற வேண்டும்.

சுரங்கங்களுக்கு இன்னொரு கடமையும் உண்டு. 2015-இல் திருத்தப்பட்ட சுரங்கச் சட்டத்தின்படி, குத்தகைதாரர் அரசுக்குச் செலுத்தும் உரிமைத்தொகையோடு, அதன் ஒரு பங்கை மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கும் செலுத்த வேண்டும். பழைய குத்தகைகளுக்கு அது உரிமைத்தொகையின் 30 விழுக்காடு. ஏலமுறையில் வழங்கப்பட்ட புதிய குத்தகைகளுக்கு 10 விழுக்காடு. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களின் குடிநீர், மருத்துவம், கல்வி போன்றவற்றுக்கு அப்பணத்தில் முதலிடம். சட்டப்படி செய்தே தீர வேண்டிய பிற கடமைகளை நிறுவனம் தன் சமூகப் பணிக் கணக்கில் சேர்த்துக் காட்டவும் கூடாது.

ஆகவே, விழா மேடையில் 'வள்ளல்', 'கொடை' என்று சொல்லப்படுவனவற்றில் ஒரு பெரும்பகுதி சட்டம் வகுத்த பங்கு. இதைச் சொல்வது நன்றி மறத்தல் ஆகாது. சட்டம் கேட்பதற்கு நெடுங்காலம் முன்பே பள்ளியும் மருந்தகமும் நடத்திய ஆலைகள் தமிழ்நாட்டில் உண்டு. சட்டம் கேட்பதற்கு மேல் கொடுப்போரும் உண்டு. ஆனால் படுக்கையில் கிடக்கும் நோயாளி, தனக்குக் கிடைப்பது யாருடைய இரக்கமோ என்று கூசிக்கொண்டு பெற வேண்டியதில்லை என்பதற்காகவே இவ்வளவும் சொன்னோம்.

இனி இயந்திரத்துக்கு வருவோம். டயாலிசிஸ் பிரிவில் உள்ளவர்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு வாரம் இருமுறை அல்லது மும்முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் குருதியைச் சுத்திகரிக்க வேண்டும். இருமுறை என்றால் ஆண்டுக்கு 104 முறை. மும்முறை என்றால் 156. ஒருமுறைக்கு 120 லிட்டர் அளவு மிகத் தூய்மையான நீர் வேண்டும். அது குழாய் நீர் அன்று, கேன் நீரும் அன்று. அதற்கென அமைத்த சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வர வேண்டும். அந்நிலையத்தின் வடிகட்டிகளைக் காலந்தோறும் மாற்ற வேண்டும். நீரை ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். வடிப்பான், குழாய்கள், ஊசிகள், குருதி உறையாதிருக்க ஹெபாரின், குருதிச்சோகைக்கு எரித்ரோபாய்ட்டின் ஊசி ஆகியவை ஓயாமல் செலவாகிக்கொண்டே இருக்கும். இவை அனைத்துக்கும் மேலாக, அருகில் நிற்கும் பயிற்சி பெற்ற நுட்புநரும் செவிலியரும் வேண்டும். நான்கு மணி நேரத்தில் எந்த நொடியிலும் இரத்த அழுத்தம் இறங்கலாம். அப்போது அதைக் கவனித்துச் செயல்பட மனிதர்தாம் வேண்டும்.

இவற்றுள் இயந்திரம் ஒன்றுதான் புகைப்படத்தில் நன்றாக விழுகிறது.

எங்களுக்குத் தெரிந்த மருத்துவமனை ஒன்றில் நடந்ததைச் சொல்கிறோம். எந்த ஊர், எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. டயாலிசிஸ் இயந்திரங்கள் சில கொடையாக வந்தன. ரிப்பன் வெட்டப்பட்டது, பலகை பதிக்கப்பட்டது, இனிப்பும் வழங்கப்பட்டது. ஓராண்டுக்கு மேல் அவை நன்றாகவே ஓடின. பிறகு நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் பழுதுபட்டது. அதன் பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்திருந்தது. புதுப்பிக்க வேண்டியது கொடுத்தவரா, பெற்றவரா என்று எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை. கடிதங்கள் போயின; மறுமொழிகள் வந்தன. இடையில் இருந்த ஒரே நுட்புநருக்கு வெளியூரில் நல்ல சம்பளத்தில் வேலை கிடைத்தது. அவரைக் குறைசொல்ல யாரால் முடியும்? இயந்திரங்களுக்கு நீலத் தார்ப்பாய் போர்த்தப்பட்டது. அங்கே சிகிச்சை பெற்றுவந்தவர்கள் வேறு ஊர்களுக்குப் பிரிந்து போனார்கள். மேலே சுவரில் பளிங்குப் பலகை மட்டும் வாரம் ஒருமுறை துடைக்கப்பட்டு வந்தது. அதைத் துடைக்க ஆள் இருந்தார் என்பதை எங்களால் இன்றும் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பிரிந்து போனவர்களுள் ஒருவரின் மனைவி எங்களிடம் சொன்ன கணக்கு இது. திருமழபாடிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து திருமானூர் வந்து, கொள்ளிடப் பாலத்தைக் கடந்து தஞ்சைக்குப் போக வேண்டும். அல்லது வடக்கே அரியலூருக்குப் போக வேண்டும். நகரப் பேருந்தில் அவருக்குக் கட்டணம் இல்லை, கணவருக்கு உண்டு; புறநகர்ப் பேருந்தில் இருவருக்கும் உண்டு. சிகிச்சை முடிந்து எழுந்தவுடன் கணவருக்குத் தலை சுற்றும். நின்றுகொண்டு பயணம் செய்ய முடியாது. ஆட்டோ பிடிக்க வேண்டும். சிகிச்சை நாள்களில் அவருடைய வயல் வேலைக் கூலியும் போகும். "டயாலிசிஸுக்குப் பணம் கேட்கவில்லை ஐயா, காப்பீட்டு அட்டையில் நடக்கிறது. அங்கே போய் வரத்தான் தாலிக்கொடி அடகில் இருக்கிறது" என்றார். அவர் கணவருக்கு இளநீர் கூடாது, பழங்களிலும் பல கூடாது, பருகும் நீருக்கும் அளவு உண்டு. இத்தனை கட்டுப்பாட்டையும் தாங்கிக்கொள்பவர், பேருந்துக் கட்டணத்துக்காக வாரத்தில் ஒரு முறையைத் தவிர்க்கத் தொடங்கினார். ஒரு முறை தவிர்த்தால் என்ன ஆகும் என்பது டயாலிசிஸ் பிரிவில் உள்ள எல்லாருக்கும் தெரியும்.

அவர் சொன்னதில் ஒரு நற்செய்தியும் உண்டு. சிகிச்சைக்கு அவர் பணம் கட்டவில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மருந்து வழங்கல், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் ஆகியவை நாள்தோறும் நெய் வார்க்கும் பணியைச் செய்கின்றன. அவற்றில் குறைகள் உண்டு. அவற்றை இவ்விதழில் பலமுறை சுட்டியிருக்கிறோம். ஆனால் அரசு தடையின்றிச் செய்துவரும் ஒன்றின் மேல் நிறுவனத்தின் கொடை ஏறி நின்றால்தான் அது நிலைக்கிறது என்பது எங்கள் அனுபவம்.

இதற்கு 108 ஊர்தியே சான்று. நாம் அனைவரும் அறிந்த அந்த அவசர ஊர்திச் சேவை 2005-இல் ஐதராபாத்தில், சத்யம் கணினி நிறுவனத்தை நடத்திய குடும்பத்தின் கொடை முயற்சியாகத் தொடங்கியது. தமிழ்நாட்டுக்கு 2008 செப்டம்பரில் வந்தது. நான்கே மாதங்களில், 2009 சனவரியில், சத்யத்தின் கணக்குகள் பொய்யானவை என்று அதன் தலைவரே ஒப்புக்கொண்டார். பெரிய நிறுவனம் ஒன்று சில நாள்களில் சரிந்தது. ஆனால் ஊர்திகள் நிற்கவில்லை. மாநில அரசுகள் ஓட்டுச் செலவின் பெரும்பங்கை ஏற்றிருந்தன. சேவையை நடத்தும் பொறுப்பை ஜி.வி.கே. நிறுவனம் எடுத்துக்கொண்டது. டீசலுக்கும் ஓட்டுநருக்கும் மருத்துவ நுட்புநருக்கும் நிலையான வழி இருந்ததால் கொடையாளி வீழ்ந்தும் கொடை பிழைத்தது. வண்டிகளை மட்டும் வாங்கிக் கொடுத்திருந்தால் அவை இன்று எந்தக் கொட்டகையில் துருப்பிடித்துக்கொண்டிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

வெளியுலகிலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டு. ஆற்றுக் குருடு என்ற நோயை நம் நாட்டவர் அறியமாட்டார்கள். ஆப்பிரிக்காவிலும் இலத்தீன் அமெரிக்காவின் சில பகுதிகளிலும், வேகமாக ஓடும் ஆறுகளில் பெருகும் ஒருவகைக் கருவண்டு ஈ கடிப்பதால் அது பரவுகிறது. உடலில் புழுக்கள் பெருகி, கடும் அரிப்பும் இறுதியில் பார்வை இழப்பும் நேரும். ஆற்றங்கரை வயல்கள்தாம் செழிப்பானவை. அவற்றை விட்டே மக்கள் ஓடிப்போனார்கள். கொள்ளிடக் கரையில் வாழும் நமக்கு அதன் பொருள் புரியும். மெர்க் என்ற அமெரிக்க மருந்து நிறுவனத்திடம் அதற்கு மாத்திரை இருந்தது. வாங்கத்தான் அம்மக்களிடம் பணம் இல்லை. 1987-இல் அந்நிறுவனம், தேவைப்படும் அளவுக்கு, தேவைப்படும் காலம்வரை அம்மருந்தை விலையின்றித் தருவதாக அறிவித்தது.

இங்கே முக்கியமானது காலத்தைப் பற்றிய உறுதி. அந்த ஐவர்மெக்டின் மாத்திரை புழுக்குஞ்சுகளைக் கொல்லும், தாய்ப்புழுவைக் கொல்லாது. தாய்ப்புழு 10 முதல் 15 ஆண்டுகள்வரை உயிரோடிருக்கும். ஆகவே ஆண்டுதோறும், அத்தனை ஆண்டுகளும், ஊர் முழுவதும் மாத்திரை உட்கொள்ள வேண்டும். மூன்றாண்டுத் திட்டமாக அது தொடங்கி முடிந்திருந்தால், கொடுத்த மாத்திரை அனைத்தும் வீண். ஊர்மக்களே தம்முள் தேர்ந்தெடுத்த தொண்டர்கள், எடைபார்க்கும் கருவி இல்லாத இடங்களில் அளவுக்கோலால் உயரம் பார்த்து மாத்திரைக் கணக்கை முடிவுசெய்தார்கள். கொலம்பியா 2013-இலும், எக்வடோர் 2014-இலும், மெக்சிகோ 2015-இலும், குவாத்தமாலா 2016-இலும் அந்நோயிலிருந்து விடுபட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் உறுதிசெய்தது. அந்த மருந்து நிறுவனம் எல்லா வகையிலும் குற்றமற்றது என்று சொல்ல வரவில்லை. இதயத்துக்குக் கேடு என்று தெரியவந்ததால் தன் வலிநிவாரணி ஒன்றை 2004-இல் அது சந்தையிலிருந்து திரும்பப் பெற நேர்ந்தது. ஆனால் அந்த ஒரு கொடையில் அது நோயின் காலக்கணக்கைத் தன் காலக்கணக்காக ஏற்றது.

யானைக்கால் நோய்க்கும் அதே கணக்குதான். கும்பகோணத்தின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்பட்ட அந்நோய்க்காக வீடு வீடாக வந்து ஆண்டுதோறும் மாத்திரை விழுங்கச் செய்ததை உங்களில் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். 'எனக்குத்தான் நோய் இல்லையே' என்று அதை வாசற்படியில் எறிந்தவர்களும் இருந்தார்கள்.

கொடையின் மற்றொரு பக்கத்தையும் மறைக்க வேண்டியதில்லை. தொழுநோய்க்கான கூட்டு மருந்தை 2000-ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் இலவசமாக வழங்கிவரும் நோவார்ட்டிஸ் நிறுவனம், ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்துக்கு இந்தியாவில் காப்புரிமை கோரி உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 2013 ஏப்ரல் 1 அன்று அக்கோரிக்கை தள்ளுபடியானது. அம்மருந்தின் விலை மாதத்துக்கு ஓர் இலட்சம் ரூபாய்க்கு மேல்; இந்திய நிறுவனங்கள் தயாரித்த அதே மருந்து பத்தாயிரம் ரூபாய் அளவில் கிடைத்தது. ஏழை நோயாளிகள் பலருக்கு அந்நிறுவனம் அதை இலவசமாகக் கொடுத்துவந்தது என்பதும் உண்மை. இலவசமாகப் பெற்றவர்கள் அதனால் உயிர்வாழ்ந்தார்கள். அதைச் சிறுமைப்படுத்த மாட்டோம். ஆனால் கொடையாகக் கிடைப்பதைக் கொடுப்பவர் நிறுத்தலாம். வாங்கக்கூடிய விலையில் கிடைப்பதையோ அரசு மருந்தகத்தில் கிடைப்பதையோ ஒருவருடைய மனமாற்றம் நிறுத்திவிடாது. ஆண்டுக்கணக்கில் மருந்து உண்ண வேண்டியவருக்கு இவ்வேறுபாடு இரவில் உறக்கம் வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கும் அளவுக்குப் பெரிது.

நிறுவனங்கள் கட்டடத்தையும் கருவியையும் விரும்புவதற்குச் சட்டமும் ஒரு காரணம் என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும். தொடர்திட்டம் எனப்படுவது, தொடங்கிய நிதியாண்டு நீங்கலாக மூன்றாண்டுகளுக்கு மேற்படக்கூடாது என்று விதி சொல்கிறது. கட்டடம் அதற்குள் முடிந்துவிடும். நீரிழிவும் சிறுநீரக நோயும் முடியா. கணக்காய்வாளரிடம் ஒரு கருவியின் விலைச்சீட்டைக் காட்டுவதுபோல் நாற்பது பேருடைய பேருந்துக் கட்டணத்தைக் காட்டுவது எளிதன்று என்று ஓர் அலுவலர் எங்களிடம் வெளிப்படையாகவே சொன்னார். அவர் சொன்னது நேர்மையான பதில். ஆனால் தடை என்று பலர் எண்ணுவது முழுவதும் தடையன்று. நிர்வாகச் செலவு மொத்தச் செலவில் 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு நிறுவனத்தின் பொது நிர்வாகத்துக்கே உரியது. திட்டத்தை நடத்துவதற்கு நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது. நுட்புநரின் ஊதியம் டயாலிசிஸ் திட்டத்தின் செலவேயன்றி நிர்வாகச் செலவு அன்று. திட்டத்தை முடித்துப் புதுப்பிக்கவும் தடையில்லை. மனம் இருந்தால் ஆடுகளை விட வழியுண்டு.

காஞ்சிபுரத்துக்கு அருகே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. அங்கே இருந்த மருத்துவமனையை, வீரசோழன் என்னும் ஆதுலர் சாலையை, அது விவரிக்கிறது. 15 படுக்கைகள். மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகையும் விறகும் கொண்டுவருவோர், நோயாளியைப் பேணும் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர், நீர் கொண்டுவருபவர். இவர்களுக்கு உரிய நெல்லும் காசும். இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்கள். இரவில் எரியும் விளக்குக்கு எண்ணெய். ஆயிரம் ஆண்டுக்கு அருகாகும் அக்கல்வெட்டில் நாம் படிப்பது, வேலைசெய்யும் மனிதர்களையும் செலவாகும் பொருள்களையும் பற்றியது. படுக்கையில் இருப்பவருக்கு நள்ளிரவில் வெளிச்சம் வேண்டும் என்பதை நினைத்து, அதற்கு எண்ணெய்க் கணக்கும் எழுதிவைத்த அந்த அறியாத எழுத்தரை நாங்கள் மிகவும் மதிக்கிறோம்.

அரியலூரில் 2022 சனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்ட பிறகு மருத்துவர்களுக்காக வெகுதொலைவு போக வேண்டிய நிலை நம் மாவட்டத்தில் மாறிவருகிறது. இனி நோயாளிக்கும் மருத்துவமனைக்கும் இடையிலுள்ள தொலைவும், சிகிச்சைக்கும் சிகிச்சைக்கும் இடையிலுள்ள நாள்களும்தான் பெரிய இடைவெளிகள். நிறுவனங்கள் வந்து நிற்க வேண்டிய இடம் அதுவே என்று கருதுகிறோம்.

ஆகவே நாங்கள் திருத்தி எழுதிய பட்டியலில் இயந்திரம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் நீர்ச் சுத்திகரிப்புக்கானது, ஐந்தாண்டுப் பராமரிப்போடு. மற்றவை: இரண்டு நுட்புநர்களின் ஊதியம், மாலைச் சுற்றில் சிகிச்சை முடிப்பவர்களைத் திருமானூர், திருமழபாடி வழியாக ஊர்களில் இறக்கிவிடும் வேன், உடன்வருவோர் இரவு தங்கிச் சமைத்துக்கொள்ளக் கழிப்பறையோடு கூடிய எளிய இடம், காப்பீட்டில் அடங்காத மருந்துகளுக்கான சுழல் நிதி. பலகை வைக்க விரும்பினால் வைக்கலாம். அதில் பெயரோடு, இக்கொடை எந்த ஆண்டுவரை, பழுதுபட்டால் யாரைக் கேட்க வேண்டும் என்ற இரண்டு வரிகளும் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறோம்.

இன்னொரு வரியும் சேர்த்தோம். கொடை வழங்கும் விழாவில் நோயாளிகளை வரிசையில் நிறுத்திப் படமெடுக்க மாட்டோம். விரும்பி நிற்பவர் நிற்கலாம். விரும்பாதவருக்குச் சிகிச்சையில் ஒரு நொடியும் தாமதம் ஆகாது. கையில் ஊசி ஏறிய நிலையில் கும்பிடச் சொன்னதாக ஒரு பெரியவர் வேறோரிடத்து அனுபவத்தைச் சொன்னது எங்களை வருத்தியது. இந்த வரிக்காக எங்கள் விண்ணப்பம் பின்தள்ளப்பட்டால் அதையும் ஏற்போம். இதில் எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது என்பதையும் மறைக்கவில்லை. ஒரு படத்தால் ஒரு வேன் கிடைக்குமானால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டவர்களும் எங்களிடையே உண்டு. அவர்கள் நோயாளியின் மீது அன்பில்லாதவர்கள் அல்லர்.

பட்டியல் இன்னும் முடியவில்லை. அதற்குத்தான் நீங்கள் வேண்டும். புறநோயாளர் பகுதியில், மருந்து வழங்கும் சாளரத்துக்கு அருகே ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறோம். எந்த நாளில் எது இல்லாமல் திரும்பினீர்கள் என்பதை மட்டும் அதில் எழுதுங்கள். பெயர் எழுத வேண்டியதில்லை. எழுதத் தெரியாதவர் சொன்னால் செவிலியர் எழுதிக்கொள்வார். நிறுவனங்கள் தம் சமூகப் பணித் திட்டங்களை இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பது விதி. உங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் அவற்றைத் தேடிப் படித்து, நம் பகுதிக்கென்று என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் அக்குறிப்பேட்டில் சேர்க்கலாம். சுரங்கங்களுக்கு அருகில் உள்ள ஊரினர், கனிம அறக்கட்டளை நிதியில் மருத்துவத்துக்கு என்ன கேட்கலாம் என்பதைத் தங்கள் கிராம சபையில் எழுப்பலாம்.

குறிப்பேடு வைத்த மறுநாளே முதல் பதிவு வந்துவிட்டது. பென்சிலால், கோணலான எழுத்தில் இருந்தது: காத்திருக்கும் இடத்துக்குப் புது நாற்காலி வேண்டாம், கடைசிப் பேருந்து போன பிறகு ஊருக்குப் போக ஒரு வழி செய்யுங்கள்.